ஓவர் கொடுக்கும் நேரம்

எங்கள் தொழிலில் ‘ஓவர்’ என்று ஒரு சொல் உண்டு. இரவெல்லாம் வார்டைப் பார்த்த நர்ஸ், காலையில் வருகிறவளிடம் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைப்பதுதான் ஓவர். மூன்றாம் கட்டிலுக்கு இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் 102, ஒன்பதாம் கட்டிலில் ட்ரிப் போட்ட கை வீங்கியதால் மறு கையில் மாற்றிப் போட்டிருக்கிறது, பதினான்காம் கட்டில்காரருக்கு இன்று ஆபரேஷன், யாரும் காபி கொடுத்துவிட வேண்டாம். இப்படிச் சொல்லிக்கொண்டே நடந்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். 1988இல் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கும். பாதிக்குப் பாதி ஏச்சு.

ஏசுகிறவர் இன்சார்ஜ் சிஸ்டர். வார்டின் நடுவில் நின்று, முப்பத்தெட்டு கட்டில்களுக்கும் கேட்கும்படி ஏசுவார். “எட்டி, ஒன்ன எவ படிப்பிச்சா? மாடு மேய்க்கப் போயிருக்கலாம்லா?” எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரவு முழுக்க நின்ற கால் கடுக்கும். வார்டில் ஒரே ஒரு நாற்காலி கிடந்தது. சின்ன சிஸ்டர்மார் அதில் உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, உட்கார்ந்தவளும் இல்லை. ஒருநாள் திட்டுவிளைப் பக்கத்துப் பாட்டி ஒருத்தி கட்டிலில் இருந்தபடியே, “எம்மா, அந்தப் பிள்ள ராத்திரி முச்சூடும் இருக்கவே இல்ல. என்னத்துக்குப் போட்டு ஏசுகிய?” என்று கேட்டுவிட்டாள். எனக்காக அந்த ஆஸ்பத்திரியில் பேசிய முதல் ஆள் ஒரு நோயாளி.

அந்த ஏச்சு எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது வேலையைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஏச்சு வாங்காமல் கேஸ் ஷீட் எழுதக் கற்றுக்கொடுத்தது. முப்பத்தெட்டு பேருக்கு இரவில் நான் ஒரு நர்ஸ், துணைக்கு ஒரு ஆயா. காலை நாலு மணிக்கு எல்லோருக்கும் பி.பி., நாடி, காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும். ஒருத்திக்கு வலி வந்துவிட்டால், ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டால், அந்தக் கணக்கு முடியாது. முடியவில்லை என்று ஓவரில் சொன்னால் ஏச்சு. ஆகவே பாதிப் பேருக்குப் பார்த்தேன், மீதிப் பேருக்குப் பார்த்ததாக எழுதினேன். 98.4, 98.4, 98.6. அந்த வரிசை எண்களை இன்று நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது. அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை என் திறமை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

போதனை மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. படிக்கும்போது அதைப் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கினேன். வார்டில் அதைப் பார்க்கவில்லை.

நான் குமரி மாவட்டத்தில் பூதப்பாண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா வயல்வேலைக்காரர். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் இடையில் கிடைத்த கூலிக்குப் போவார். அம்மாவின் ஊர் நெய்யூர்ப் பக்கம். நெய்யூரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் வைத்தியப் பணி தொடங்கினார். திருவிதாங்கூர் ராஜ்யமாக இருந்த காலம் அது. பின்னாளில் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர்தான் சாமர்வெல். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர்; 1924இல் ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறியவர். மலையை விட்டு வந்து நெய்யூரில் வயிற்றுப்புண்ணுக்குக் கத்தி எடுத்தார். மரச்சீனிக் கிழங்கும் பழங்கஞ்சியும் தின்று உழைத்த எங்கள் சனங்களுக்கு அந்த நோய் அப்போது வெகுவாக இருந்தது. என் பாட்டியும் அங்கே வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவள்தான். “சாமர்வெல் தொரை கைய வச்சாரு, நான் இன்னும் இருக்கேன்” என்பாள். அவளை இரவில் கண்விழித்துப் பார்த்தது யார் என்று கேட்டால், “ஒரு சிஸ்டரம்மா” என்பாள். பெயர் தெரியாது. ஆபரேஷன் ஒரு மணி நேரம்; சிஸ்டரம்மா இருபத்தோரு இரவு.

பாட்டி இன்னொரு கதையும் சொல்வாள். அவளுடைய பாட்டி காலத்துத் தோள்சீலைக் கலகம். மேலாடை போட்ட பெண்களின் துணியைச் சந்தையிலும் வழியிலும் வைத்துக் கிழித்த நாட்கள். கடைசியில் 1859இல் ராஜாவின் விளம்பரம் வந்தது: நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், துணியால் மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக் கூடாது. கொடுத்த உரிமையிலேயே ஒரு கோடு கிழித்துக் கொடுத்தார்கள். நர்சிங் ஸ்கூலில் சேர்ந்தபோது இந்தக் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. முதல் வருடத்துக்காரிக்கு ஒரு உடுப்பு, கேப்பில் கோடு ஏற ஏற ஒரு மரியாதை. கோடு இல்லாதவள் கோடு உள்ளவளின் உடுப்பைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும், வெந்நீர் சுமக்க வேண்டும், அவள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். யார் எதை உடுத்தலாம், யார் முன்னால் யார் இருக்கலாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட மண்ணில் பிறந்த பெண்கள்தான் நாங்கள். ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் அதே வேலியை எங்கள் கையாலேயே கட்டிக்கொண்டோம். இதை நான் வேறு யார் மேலும் போட மாட்டேன். மூன்றாம் வருடத்தில் என் உடுப்பையும் ஒரு பிள்ளை தேய்த்தாள்.

1993இல் சவூதிக்குப் போனேன். அப்பா வாங்கிய கடனை வேறு வழியில் அடைக்க முடியாது. அங்கே பத்து வருடம். அதில் ஒரு விஷயம் மட்டும் இங்கே சொல்லுகிறேன். போன மூன்றாம் மாதம் ஒரு நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் ஊசியைக் காலை எட்டு மணிக்குப் பதில் பத்து மணிக்குப் போட்டேன். மறந்துவிட்டேன், அவ்வளவுதான். ஊர்ப் பழக்கத்தில் எட்டு என்று எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பக்கத்தில் நின்ற ஹெட் நர்ஸ், ஒரு பிலிப்பினோ பெண், ஒரு தாளை எடுத்து நீட்டினார். என்ன நடந்தது, எப்போது, அந்த நேரம் வார்டில் எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ் என்று அதில் கேள்விகள் இருந்தன. நான் நடுங்கிக்கொண்டே நிரப்பினேன். மறுநாள் அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ஏசப் போகிறார் என்று நின்றேன். உட்காரச் சொன்னார். எட்டு மணிக்கு ஓவரும் ஊசியும் ஒன்றாக வருவதால்தான் தவறுகிறது, ஊசி நேரத்தை மாற்ற டாக்டரிடம் பேசுகிறேன் என்றார். மாற்றினார்.

அந்த நாட்டை நான் புகழ வரவில்லை. அதே ஆஸ்பத்திரியில் என் பாஸ்போர்ட் வேறொருவருடைய அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அப்பா செத்தபோது அதை வாங்கி ஊருக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. தவறு செய்தவளை உட்காரவைத்துப் பேசுகிற மரியாதையும், பெற்றவனைப் புதைக்க விடாத அவமரியாதையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. மரியாதை ஒரு ஆளின் குணத்தில் மட்டும் இருந்தால் போதாது, அலுவலகக் காகிதத்திலும் இருக்க வேண்டும் என்று நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

2003இல் திரும்பி வந்தேன். நம் மாவட்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, இரண்டு வருடத்தில் ஆபரேஷன் வார்டுக்கு இன்சார்ஜ் ஆனேன். இனி நான் சொல்லப்போவது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை.

2006, ஆனி மாதம், நல்ல மழை. மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். ஒரு நோயாளிக்கு ட்ரிப் தீர்ந்து, ரத்தம் குழாயில் ஏறி நின்றதை அவள் கவனிக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். அன்று காலையில் இரண்டு பேர் லீவு, டாக்டர் என்னைச் சத்தம் போட்டிருந்தார், எனக்குத் தலைவலி. இதெல்லாம் காரணமே தவிர நியாயம் ஆகாது. நோயாளியின் வீட்டுக்காரர்கள் முன்னால், வார்டுக்கே கேட்கும்படி அவளை ஏசினேன். “ஒன்ன எவ படிப்பிச்சா?” என்று என் வாயில் வந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் என்னைக் கேட்ட அதே கேள்வி. அவள் தலையைக் குனிந்து, “சாரி சிஸ்டர்” என்றாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு நைட். குடல் ஆபரேஷன் முடிந்த ஒரு ஆள், வயது ஐம்பது இருக்கும், அவள் பொறுப்பில். பெரியவர்களுக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் இறங்க வேண்டும். குறைந்தால் உடம்புக்குள் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நான் காலையில் வந்து சார்ட்டைப் பார்த்தேன். பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை மொத்தம் 90 மில்லி. நாடி 130. வயிறு உப்பியிருந்தது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. திரும்ப வயிற்றைத் திறந்து, பிறகு ஆம்புலன்சில் திருவனந்தபுரம் கொண்டுபோனார்கள். இரண்டு முறை டயாலிசிஸ் செய்து பிழைத்தார். பிழைத்தார் என்பதால்தான் என்னால் இதை எழுத முடிகிறது.

அவள் ஒவ்வொரு மணிக்கும் அளந்து எழுதியிருந்தாள். இரண்டு மணிக்கு 10 மில்லி என்று இருந்தது. அதன் கீழே மெல்லிய கோடும் போட்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதியவள் சொல்லவில்லை. மெமோ கொடுக்கச் சொன்னார்கள். நான் அவளைத் துணி வைக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், “ஏம் மக்ளே சொல்லல?” என்று கேட்டேன். “விளிச்சா ஏசுவீங்கன்னு பேடிச்சேன் சிஸ்டர். டாக்டரும் ராத்திரி எழுப்பினா சத்தம் போடுவாரு. விடிஞ்சதும் ஓவர்ல சொல்லலாம்னு இருந்தேன்.”

நான் ஏசிய ஏச்சு நாலு மணி நேரம் ஒரு மனிதனுடைய சிறுநீரகத்தில் தங்கியிருந்தது. எனக்கு அது அப்படித்தான் தெரிந்தது, இன்றும் அப்படித்தான் தெரிகிறது. பணியிட மரியாதை என்றால் வணக்கம் சொல்வதும் புன்னகையும் என்று நினைக்கிறார்கள். வார்டில் அது மருந்தைப்போல ஒரு பொருள். குறைந்தால் நோயாளிக்குத்தான் கேடு.

மெமோ கொடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, என் ஏச்சையும் அதில் எழுதி, மேலே கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. அது சரி என்றே வாங்கிக்கொண்டேன். பிற்பாடு ஒரு டாக்டர், அமெரிக்காவில் 1999இல் வந்த ஓர் அறிக்கையைப் பற்றிச் சொன்னார். ‘தவறுவது மனித இயல்பு’ என்று அதன் தலைப்பு. அந்த நாட்டின் ஆஸ்பத்திரிகளில் தவறுகளால் வருடத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை சாகிறார்கள் என்று கணக்குச் சொன்ன அறிக்கை. பெரும்பாலான தவறு கெட்ட ஆட்களால் வருவதில்லை, வேலை அமைந்திருக்கும் விதத்தால் வருகிறது என்பது அதன் வாதம். நான் துணி அறையில் கேட்டதும் அதுதான்.

அதன்பிறகு வார்டில் சில காரியங்கள் மாறின. உடனே மாறவில்லை. ஓவரை நடுக்கூடத்திலிருந்து எடுத்து, கட்டில் கட்டிலாக நடந்து கொடுப்பது என்று ஆக்கினோம். நோயாளியும் கேட்பார், விட்டுப்போனதை அவரே சொல்வார். குறை சொல்ல வேண்டுமென்றால் அறையில், கதவைச் சாத்தி, இரண்டு பேரும் உட்கார்ந்து. அதற்காகவே பழைய சாமான் கிடங்கிலிருந்து இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். இரவில் என்னை யார் எதற்குக் கூப்பிட்டாலும், அது ஒன்றுமில்லாத காரியமாக இருந்தாலும், “கூப்பிட்டது நல்லது மக்ளே” என்ற பிறகுதான் மீதி பேச்சு. முதல் மாதம் இரவுக்கு ஏழெட்டு தடவை போன் வந்தது. வீட்டுக்காரர் முணுமுணுத்தார். மூன்று மாதத்தில் குறைந்தது.

எதிர்ப்பு மேலேயிருந்து வரும் என்று நினைத்தேன். கூடவே இருந்த மூத்த சிஸ்டர்மாரிடமிருந்து வந்தது. “நாங்க ஏச்சு வாங்கித்தான் வேல படிச்சோம். இவளுவளுக்கு மட்டும் தாலாட்டா?” என்றார்கள். அவர்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. தாங்கள் பட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்கிற நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாம் பட்டது போதும் என்று மட்டும் சொன்னேன். சிலர் கேட்டார்கள். ஒருவர் கடைசிவரை கேட்கவில்லை. அவர் வார்டில் சேர்ந்த பிள்ளைகள் ஒரு வருடம் தாண்டி நின்றதில்லை.

டியூட்டி சார்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நர்சுகளுக்குள் பாதிச் சண்டை அதில்தான். யாருக்கு எந்த ஞாயிறு, யாருக்குக் கிறிஸ்துமஸ் நைட். முன்பெல்லாம் இன்சார்ஜுக்கு வேண்டியவளுக்கு நல்ல நாள். நாங்கள் மாதம் பிறக்கும் முன்பே எழுதிச் சுவரில் ஒட்டினோம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் கிறிஸ்துமசுக்கும் இந்துப் பிள்ளைகள் நைட் எடுத்தார்கள். மண்டைக்காடு கொடைக்கும் ஓணத்துக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகள். ரமலான் நோன்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு நோன்பு திறக்கும் நேரத்தில் வேறு ஒருத்தி நிற்பாள். 1982இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. எனக்கு அப்போது பதினாறு வயது. தெரிந்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நடந்த நாட்கள் நினைவிருக்கின்றன. ஆகவே அந்தச் சார்ட்டை நான் சாதாரணக் காகிதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் நர்சுகளை “ஏய்” என்றுதான் கூப்பிடுவார். அவர் அறைக்குப் போய்ப் பேசினேன். “நான் வேலையப் பாக்கவா, பேரப் படிக்கவா?” என்றார். அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. இரண்டு மூன்று வருடம் கழித்து உலக சுகாதார நிறுவனத்தின் ஆபரேஷன் சரிபார்ப்புத் தாள் எங்கள் தியேட்டருக்கு வந்தது. கத்தி வைக்கும் முன் அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. அவரே வாசித்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொன்னார்கள். ஐந்து வருடமாக அவருக்குக் கத்தி எடுத்துக் கொடுத்தவளின் பெயரை அவர் அன்றுதான் கேட்டார். அதன்பின் அவர் குரல் தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் “ஏய்” நின்றது. இரவில் எழுப்பினால் எழுந்து வந்தார்.

எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கேட்ட நாங்கள், ஆயாமாரை எப்படிக் கூப்பிட்டோம்? இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணை, “வா, பெட் பேன எடு” என்பாள். மலத்தை அள்ளுகிறவள் மேல் நம் ஊரில் இருக்கிற பார்வை எங்கள் கண்ணிலும் இருந்தது. அவர்களுக்குத் தனிக் கிளாஸ். சாயா குடிக்கப் படிக்கட்டுக்கு அடியில் இடம். அதை மாற்றச் சொன்னபோது வந்த முகச்சுளிப்பு, டாக்டர் முகத்தில் வந்ததைவிடக் கூடுதல். ‘அக்கா’ என்ற ஒரு சொல்லைப் பழக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. ஓவரில் ஆயாவும் நிற்க வேண்டும் என்று வைத்தோம். படுக்கைப் புண் தொடங்குவதை முதலில் பார்க்கிறவள் அவள்தான். குளிப்பாட்டுகிறவள் அவள் அல்லவா?

2015 மே 18இல் அருணா ஷான்பாக் இறந்த செய்தி வந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்சாக இருந்தவர். 1973 நவம்பர் 27, வேலை முடிந்து உடை மாற்றப் போன இடத்தில், அதே ஆஸ்பத்திரியின் துப்புரவுத் தொழிலாளி ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்து வன்கொடுமை செய்தான். அதன்பின் 42 வருடம் படுக்கையில் இருந்தார். அந்த ஆஸ்பத்திரி நர்சுகள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். கருணைக்கொலை கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனபோது வேண்டாம் என்று நின்றார்கள். செய்தி வந்த அன்று நான் எங்கள் பிள்ளைகள் உடை மாற்றும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். துணி அறை. உள்தாழ்ப்பாள் இல்லை. கதவைச் சாத்தி ஒருத்தி வெளியே காவல் நிற்பாள். பன்னிரண்டு வருடமாக நானும் அங்கேதான் மாற்றினேன். ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. அந்த மாதமே தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள ஓர் அறை கேட்டு வாங்கினோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பெண்களின் புகாரைக் கேட்க உள்குழு இருக்க வேண்டும் என்று 2013இல் சட்டம் வந்திருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் குழு காகிதத்தில் இருந்தது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைச் சுவரில் எழுதவைத்தோம்.

சம்பளத்தை மட்டும் அசைக்க முடியவில்லை. தனியார் நர்சுகளின் சம்பளம் குறித்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழியில் ஒரு நிபுணர் குழு அமைந்து, 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானும் அலுவலகத்துக்குப் போனேன். “பரிந்துரைதானே சிஸ்டர்” என்றார்கள்.

அரசுப் பணியிலும் அப்போது நிம்மதி இல்லை. 2015இல் தேர்வெழுதிப் போன ஒப்பந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பர் கடைசியில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கூடி உட்கார்ந்தார்கள். எங்களோடு வேலை பார்த்துப் போன இரண்டு பிள்ளைகள் அங்கிருந்து போன் செய்தார்கள். கழிப்பறை இல்லை, மழை, ஆனாலும் போக மாட்டோம் என்றார்கள். நீதிமன்றம் தலையிட்டு அவர்கள் வேலைக்குத் திரும்பிய அதே நாட்களில்தான் எங்கள் ஊரில் ஒக்கிப் புயல் வந்தது.

நவம்பர் 30. விடிந்தபோது ரப்பரும் தென்னையும் வாழையும் ரோட்டில் கிடந்தன. கரண்டு இல்லை, பிறகு பல நாள் இல்லை. காலை டியூட்டிக்கு வர வேண்டிய பதினொரு பேரில் மூன்று பேர் நடந்து வந்து சேர்ந்தார்கள். இரவு பார்த்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஜெனரேட்டர் டீசல் தியேட்டருக்கும் ஐ.சி.யு.வுக்கும் மட்டும். மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை. ஆயா அக்காமார் கிணற்றிலிருந்து வாளி வாளியாக மாடிக்கு ஏற்றினார்கள். எந்த வாளி எந்த வார்டுக்கு என்று ஒரு அக்கா சொன்னாள், டாக்டர் உட்பட எல்லோரும் அவள் சொன்னபடி தூக்கினோம். கைபேசி வெளிச்சத்தில் ட்ரிப்புக்கான வென்ஃப்ளான் ஊசி போட்டோம். மதியம் யாரோ மரச்சீனி அவித்துக் கொண்டுவந்தார்கள். முப்பது மணி நேரத்துக்கு மேல் அந்த வார்டில் ஒருவர் ஒருவரை ஏசிக் கேட்கவில்லை.

இரண்டு பிள்ளைகள் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரிகள். ஒருத்தியின் அண்ணன் கடலில். இன்னொருத்தியின் சித்தப்பாவும் அவர் மகனும் கடலில். மாலையில் செய்தி வரத் தொடங்கியது. அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. கூட நின்ற பிள்ளைகள் அவர்கள் கையிலிருந்த ட்ரேயை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பன்னிரண்டு நாள் அவர்களுடைய டியூட்டியை மற்றவர்கள் பங்கு போட்டுப் பார்த்தார்கள். நான் சார்ட் எழுதவே வேண்டியிருக்கவில்லை. அண்ணன் வந்த படகு மராட்டியக் கரையில் ஒதுங்கியிருந்தது, அவன் வந்தான். சித்தப்பாவும் மகனும் வரவில்லை.

டிசம்பர் சம்பளத்தில் அந்த இரண்டு பேருக்கும் பன்னிரண்டு நாள் பிடித்தார்கள். ரோடு அடைத்து வர முடியாத எட்டுப் பேருக்கும் ஆளுக்கு மூன்று நாள். கணக்குப் பார்க்கிற அறையில் நான் கேட்டேன், விதி என்றார்கள். நான் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் சம்பள ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட ஒருத்தியும் வரவில்லை. நர்சுகள், ஆயாமார், லேப் பிள்ளைகள், தியேட்டர் உதவியாளர்கள் யாருமில்லை. வேலை நடந்தது, எந்த நோயாளிக்கும் மருந்து தப்பவில்லை, ரிஜிஸ்டர் மட்டும் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் அந்த டாக்டரே, “ஏய்” என்று கூப்பிட்டவர்தான், நிர்வாகத்தின் அறைக்குள் போனார். நாலாம் நாள் பிடித்த சம்பளம் திரும்ப வந்தது.

2024இல் வேலையிலிருந்து நின்றேன். மார்த்தாண்டத்துப் பிள்ளை இன்று வேறொரு ஆஸ்பத்திரியில் இன்சார்ஜ். இரவில் தன்னைக் கூப்பிடுகிற பிள்ளைகளிடம் என்ன சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும். அவளிடம் இப்போது இருபத்தெட்டு கட்டிலுக்கு இரவில் ஒரு நர்ஸ். எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்கிற பிள்ளைக்கு உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன குழு சொன்ன தொகையில் பாதிகூட இன்னும் வரவில்லை. எத்தனை நல்ல இன்சார்ஜ் வந்தாலும் முப்பது பேரை ஒருத்தி பார்க்கிற வார்டில் ஒருநாள் வாய் தவறும், கை தவறும்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர்மாரின் பெயரைப் பித்தளைப் பலகையில் எழுதி வைக்கிறீர்கள். வையுங்கள், அவர்களுக்கு அது தகும். அதன் பக்கத்தில் இன்னொரு பலகை வையுங்கள். இன்று இரவு இந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ், அவர்கள் பெயர் என்ன. வாசிக்கிறவர்களிடமும் இதையே கேட்கிறேன். அடுத்த முறை அம்மாவையோ பிள்ளையையோ கொண்டுபோய்ச் சேர்க்கும்போது, அறை வாடகை கேட்கும் முன்னால், ராத்திரி இந்த வார்டில் எத்தனை சிஸ்டர்மார் என்று கேளுங்கள்.